காலர் என் கையில், ஜூலி தெருவில்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறேன்.)



நான் பி பிளாக்கில் இருக்கிறேன். பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, தலைமைக் காசாளராக ஓய்வு பெற்றவன். நாய்களைப் பற்றிப் பேச எனக்குப் படிப்போ பட்டமோ கிடையாது. ஆனாலும் செயலாளர் என்னைத்தான் பேச வேண்டும் என்றார். காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் ஜூலி தொலைந்துபோனாள். தொலைத்தவன் நான்.

ஜூலி ஸ்பிட்ஸ் வகை. வெள்ளை முடி, ஏழு கிலோ எடை. என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து பகலெல்லாம் அவருக்குத் துணை அவள்தான். வெளியே கூட்டிப்போவது மட்டும் என் வேலை.

அன்று மாலை ஆறரை மணி. கேட்டைத் தாண்டிப் பத்தடி போயிருப்போம். யாரோ ஒரு பையன் லட்சுமி வெடி கொளுத்தினான். ஜூலி நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். நான் திரும்பி, "வா வா, ஒண்ணுமில்ல" என்று கயிற்றை இழுத்தேன். அவள் தலையைக் குனிந்து, காதை மடக்கி, ஒரு அடி பின்னால் போனாள். நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவ்வளவுதான். கயிற்றின் நுனியில் காலர் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூலி தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி, மேடவாக்கம் மெயின் ரோடு பக்கம் மறைந்துவிட்டாள்.

நான் செருப்பை உதறிவிட்டு, பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். இது நான் செய்த இரண்டாவது தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்கு மணி நேரம் தேடினோம். மாடியில் இருந்த மனைவி என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "காலரை அது கழட்டலீங்க. நீங்கதான் கழட்டினீங்க." அப்போது கோபம் வந்தது. மறுநாள் நிதானமாக யோசித்தபோது அது அப்பட்டமான உண்மை என்று புரிந்தது.

அதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். நாய் முன்னால் போகும்போது காலர் கழலாது. கழுத்தின் அடிப்பகுதியில் போய் நிற்கும். நாய் நம்மைப் பார்த்து நின்று, பின்னால் நகரும்போதுதான் ஆபத்து. அந்த நேரத்தில் நாம் இழுத்தால் காலர் காதுப் பக்கம் ஏறுகிறது. சின்ன நாய்கள் பலவற்றுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அளவு. காதை மடக்கிக்கொண்டால் தடுக்க ஒன்றுமில்லை. ஆகவே நாய் பயந்து பிரேக் போட்டால் இழுக்காதீர்கள். கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, நாயை நோக்கி நீங்கள் போங்கள். பக்கத்தில் குனிந்து, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொள்ளுங்கள். ஏழு கிலோதானே? அரிசிப் பையைவிட லேசு.

இரண்டாவது, காலரின் அளவு. கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரலைப் படுக்கையாக விட்டால் நுழைய வேண்டும். மிகச் சின்ன நாய்க்கு ஒரு விரல் போதும். விரலை முடிக்கு மேல் வைத்துப் பார்க்காதீர்கள். முடியை விலக்கித் தோல் வரை விட்டுப் பாருங்கள். ஸ்பிட்ஸ், பொமரேனியன் மாதிரி நாய்களிடம் ஏமாறுவது இதில்தான். பார்வைக்கு இறுக்கமாக இருக்கும். குளிப்பாட்டினாலோ கோடையில் முடி வெட்டினாலோ அதே காலர் தொளதொள என்று ஆகிவிடும். நைலான் பட்டையில் அளவு வைக்கும் கொக்கியும் நாளாவட்டத்தில் தானே நழுவும். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, விரல் விட்டுப் பாருங்கள். கயிற்றுக் கொக்கியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது.

வீட்டுக்குள் ஒரு சோதனை செய்யலாம். கதவைச் சாத்திவிட்டு, நாய்க்கு எதிரே உட்கார்ந்து, கயிற்றை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். காலர் காதின் பின்பக்கத்தைத் தாண்டி ஏறினால் அந்தக் காலரோடு தெருவுக்குப் போகாதீர்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையை நான் முன்பே செய்திருந்தால் இன்று உங்கள் முன்னால் நின்றிருக்க மாட்டேன்.

அதற்காக இறுக்கிக் கட்டிவிடலாமா? கூடாது. சின்ன நாய்களில் பலவற்றுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது. இருமல் வரும். இதற்கென்றே மார்ட்டிங்கேல் என்று ஒரு காலர் இருக்கிறது. சும்மா இருக்கும்போது தளர்வாக இருக்கும். இழுத்தால் நாம் வைத்த அளவு வரை மட்டும் இறுகும், அதற்கு மேல் இறுகாது. கழுத்தை நெரிக்கும் சங்கிலி வேறு, இது வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் நல்லது ஹார்னஸ். மார்பையும் முதுகையும் சுற்றி வரும் பட்டை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்துகொண்டு போய் வாங்குங்கள். ஹார்னஸ் போட்டாலும் பின்னால் நகர்ந்து உருவிக்கொள்ளும் கெட்டிக்கார நாய்கள் உண்டு. அதற்கும் அதே சோதனையைச் செய்யுங்கள். விலாப் பக்கம் மூன்றாவது பட்டை ஒன்று உள்ள ஹார்னஸ் அப்படிப்பட்ட நாய்களுக்கு ஏற்றது.

இங்கே என் பழைய தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கியின் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், இன்னொன்று அதிகாரியிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. அத்தனை வருடம் தினமும் அப்படிப் பெட்டகம் பூட்டியவன், ஜூலியை ஒற்றைப் பூட்டை நம்பி வெளியே கூட்டிப்போனேன். இப்போது அவளுக்கும் இரட்டைப் பூட்டுதான். ஹார்னஸில் கயிறு. ஹார்னஸுக்கும் காலருக்கும் நடுவே இரண்டு பக்கமும் கொக்கி வைத்த ஒரு சின்னப் பட்டை. ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

இழுத்தால் நீண்டு, விட்டால் சுருளும் கயிறு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கைப்பிடி நழுவி விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி தடதட என்று நாயைத் துரத்திக்கொண்டே போகும். பயந்த நாய் இன்னும் வேகமாக ஓடும். லிஃப்டில் எந்தக் கயிறானாலும் குட்டையாகப் பிடியுங்கள். நாய் உள்ளே வந்த பிறகுதான் கதவு மூட வேண்டும்.

அடுத்தது அடையாளம். ஜூலியின் காலரில் என் செல் நம்பர் பொறித்த வில்லை இருந்தது. பெருமையாகச் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவள் ஓடியபோது அந்த வில்லை யாரிடம் இருந்தது? என் கையில்! அதனால்தான் கால்நடை மருத்துவரிடம் சொல்லி மைக்ரோசிப் போட்டோம். அரிசி மணி அளவுதான். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைத்துவிடுவார்கள். கருவியால் படித்தால் ஓர் எண் வரும், அதில் நம் விவரம் பதிந்திருக்கும். நாய் எங்கே இருக்கிறது என்று அது செல்போனில் காட்டாது. அப்படி நினைத்து வாங்காதீர்கள். போன் நம்பர் மாற்றினால் அங்கேயும் மாற்றுங்கள், வங்கியில் மாற்றுகிற மாதிரியே. வெறிநோய்த் தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம் இரண்டும் தேதி தவறாமல் இருக்கட்டும்.

இனி இரண்டாவது தப்புக்கு வருகிறேன். இரவு பத்தரை மணிக்கு ஜூலியைக் கண்டுபிடித்தது நான் இல்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா. நிறுத்தி வைத்திருந்த ஒரு ஆட்டோவுக்கு அடியில் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாளாம். அந்த அம்மா கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி, திரும்பி உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பிய்த்துப் பக்கத்தில் போட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் ஜூலி தானாக வந்து அவர் புடவையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் ஓடி ஓடித் துரத்தியதை, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துக் கொடுத்தார்.

பயந்த நாய்க்கு, பின்னால் ஓடி வருபவர் எஜமானரா எதிரியா என்று தெரியாது. ஆகவே துரத்தாதீர்கள், கும்பல் கூடாதீர்கள். பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து உட்காருங்கள். வழக்கமான குரலில் பெயரைச் சொல்லுங்கள். முடிந்தால் எதிர்த்திசையில் நடங்கள், பல நாய்கள் பின்னாலேயே வந்துவிடும்.

நாய் வளர்க்காதவர்களிடமும் மூன்று வேண்டுகோள். உங்களில் சிலருக்கு நாய் என்றாலே பயம். அது நியாயம்தான். அவிழ்ந்து ஓடும் நாய், சைக்கிள் ஓட்டும் குழந்தைக்கும் கைத்தடியோடு நடக்கும் பெரியவருக்கும் ஆபத்து. நாங்கள் ஒழுங்காகக் கட்டினால் உங்கள் நிம்மதியும் கூடும்.

ஒன்று, சின்ன கேட்டைத் திறந்தால் சாத்திவிட்டுப் போங்கள். இரண்டு, குரூப்பில் "நாய் ஓடிவிட்டது" என்று செய்தி வந்தால், காரை எடுக்கும் முன் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். கண்டால் துரத்தாமல், இருக்கும் இடத்தை மட்டும் சொல்லுங்கள். மூன்று, அரசு அனுமதிக்கும் நேரமான காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 மணிக்குள் பட்டாசு வெடியுங்கள். நாய் வைத்திருக்கும் நாங்கள் அந்த நேரத்தைத் தவிர்த்து வெளியே போகிறோம். வேறு நேரத்தில் வெடித்தால் எங்களால் கணக்குப் போட முடியாது.

அந்த இஸ்திரி அம்மாவுக்குப் பணம் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். "சாமி, அதுக்கு நல்ல பெல்ட்டா வாங்கிப் போடுங்க" என்றார். வாங்கிப் போட்டுவிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஜூலியைக் கீழே கூட்டி வருகிறேன். ஹார்னஸ் எப்படிப் போடுவது என்று பார்க்க விரும்புபவர்கள் பத்து நிமிடம் இருங்கள்.