மின்கலத்துக்கும் ஒரு கடவுச்சீட்டு



அம்பாறை மாவட்டத்து வயலோரங்களிலே யானைகளுக்கு அஞ்சிக் கட்டிய மின்வேலிகள் பல உண்டு. அவற்றுக்கு உயிர் கொடுப்பது பெட்டரி என்று நாம் வழங்கும் மின்கலம். பகலெல்லாம் சூரிய ஒளித்தகட்டினால் மின்னேற்றம் பெற்று, இரவெல்லாம் அது வேலியைக் காக்கும். அது ஓரிரவு சோர்ந்துவிட்டால், கமக்காரனுடைய ஒரு போகத்து உழைப்பு யானையின் வயிற்றிலே போய்விடும்.

சாகாமத்திலிருந்து நானும் பட்டணம் சென்று, எங்கள் பாடசாலைக்கென ஒரு பெட்டரி வாங்கி வந்ததுண்டு. புதியதென்றே விற்றார்கள். மூன்று மாதத்தில் அது மாண்டது. மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கிள்ளிப் பார்த்தால், அடியிலே பழைய சீட்டொன்று! எங்கே பிறந்தது, வயதென்ன, எத்தனை கை மாறியது என்று அதனிடம் எப்படிக் கேட்பது?

கேட்பதற்கான வழியைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் சட்டமாக்கியது. 2027 பெப்ரவரி 18ஆந் திகதி முதல், அங்கு விற்பனைக்கு வரும் மின்சாரக் கார்கள், மின்சைக்கிள்கள் ஆகியவற்றின் பெட்டரிகளுக்கும், 2 கிலோவாற்று-மணிக்கு மேற்பட்ட கைத்தொழிற் பெட்டரிகளுக்கும் இலத்திரனியற் கடவுச்சீட்டு வேண்டுமென்பது அச்சட்டத்தின் விதி. பெட்டரியின் மேலுள்ள கியூஆர் சதுரத்தைக் கைத்தொலைபேசியாற் படித்தால், ஆக்கியவர் யார், உள்ளிருக்கும் பொருள்கள் எவை, அதை ஆக்குகையில் வெளியான கரிவளியின் அளவென்ன என்பன தெரியவரும். சில விவரங்களை எல்லோரும் பார்க்கலாம். சிலவற்றைப் பழுதுபார்ப்போரும் மீள்சுழற்சி செய்வோரும் அதிகாரிகளும் மட்டுமே பார்க்கலாம்.

பெரிய உற்பத்தியாளர்கள் தம் மூலப்பொருள் வந்த வழியை ஆராய்ந்தறிய வேண்டுமென்றும் அச்சட்டம் கூறுகிறது. கோபால்ற்று, இலிதியம், நிக்கல், இயற்கைக் காரீயம் என்பனவே அப்பொருள்கள். இந்தக் கடைசிப் பெயர் நமக்கு அந்நியமன்று. கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திலும், குருணாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கத்திலும் வெட்டப்படுவது அதுவேயாம். (ஈயத்துக்கும் இதற்கும் உறவில்லை, பென்சிலின் நடுவிலிருக்கும் கரிதான் இது. பெயரை நம்பி மயங்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கிறேன்.) முதலாம் உலகப் போர்க் காலத்தில், உலோகம் உருக்கும் மூசைகளுக்காக நம் காரீயம் கப்பல் கப்பலாகச் சென்றது. அதை எந்தக் குழியில், யார், என்ன கூலிக்கு வெட்டினார் என்று வாங்கியவர் கேட்டதில்லை. இன்று மின்சாரக் கார்ப் பெட்டரியின் எதிர்மின்வாய் பெரும்பாலும் காரீயத்தாலாவது; அந்தக் கேள்வியும் சுரங்கத்தின் வாயில்வரை வந்து நிற்கிறது. நல்ல கேள்விதான். ஆனாலும் கேட்பவர் கடல்கடந்த கொள்வனவாளர். ஏடெழுதும் செலவு நம்மவருடையது என்பதையும் நான் மறப்பதற்கில்லை.

இனி, நம் வேலிக்கு வருவோம். 12 வோற்று, 100 அம்பியர்-மணிப் பெட்டரி ஒன்றைப் பெருக்கிப் பாருங்கள்: 1.2 கிலோவாற்று-மணி. ஐரோப்பாவிலேயே இதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை! கார் கிளப்பும் ஈய-அமிலப் பெட்டரிக்கும் இல்லை. இவை செத்தபின் நிறைக்கு விலைபேசி வாங்கப்படுகின்றன. கண்ட இடத்தில் உடைத்து ஈயத்தை உருக்கினால், அந்தப் புகையும் தூசியும் முதலிற் கெடுப்பது சிறு பிள்ளைகளின் மூளையை. பாடத்தில் பின்தங்கும் பிள்ளையை ஏசுமுன், அவன் வீட்டுக் கொல்லையில் என்ன உருகுகிறது என்று ஆசிரியர் விசாரித்தல் நன்று.

இப்பொழுதெல்லாம் பாடசாலைக்கு வாங்கும் பெட்டரியின் முதுகில், வாங்கிய திகதியையும் பற்றுச்சீட்டின் இலக்கத்தையும் வெள்ளை வர்ணத்தால் எழுதி வைக்கிறேன். செத்த பெட்டரியைப் பற்றுச்சீட்டின்றி எவருக்கும் கொடுப்பதில்லை. பழைய சாமான் வாங்க வருபவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.