முதலில் குடியேறுபவை
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர். 30 வாரத்திலேயே குழந்தை பெற்ற தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கிருமியே இல்லாத அறையிலதானே டாக்டர், என் பிள்ளையை வச்சிருக்கீங்க?" அவரும் உங்களைப் போல ஓர் ஆசிரியை.

அப்படி ஓர் அறை கிடையாது. குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே அதன் குடலில் பாக்டீரியாக்கள் குடியேறத் தொடங்கிவிடுகின்றன. 1885இல் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்த தியோடர் எஷரிக் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். நாம் பாடத்தில் சொல்லும் ஈ.கோலை அதுதான். 1899இல் பாரிஸில் ஹென்றி திசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியாவைக் கண்டறிந்தார்.

தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. பிறகு அவை யாருக்கு? இந்தப் பிஃபிடோபாக்டீரியாக்களுக்கு! அவற்றைத் தின்று வளரும் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கி, தீங்கு செய்யும் கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன.

37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையின் நிலை வேறு. ஆன்டிபயாடிக் மருந்து, இன்குபேட்டர், குழாய்வழி உணவு, தாயைப் பிரிந்திருத்தல் ஆகியவற்றால் மருத்துவமனைச் சூழலின் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. குடற்சுவரும் முதிர்ந்திருக்காது. இதனால் சில குழந்தைகளுக்குக் குடல் திசு அழுகும் கொடிய நோய் வருகிறது. தாய்ப்பால் பெறும் குறைமாதக் குழந்தைகளிடம் இந்நோய் குறைவு.

"நல்ல பாக்டீரியாவை மருந்தாகவே கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். சில மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த பாக்டீரியாவே இரத்தத்தில் புகுந்து தொற்றாகலாம் என்பதால், 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது.

அந்த ஆசிரியையிடம் சொன்னேன்: "கை கழுவிட்டு வாங்கம்மா, கெட்டது உள்ளே வராது. சீம்பாலைப் பிழிஞ்சு கொடுங்க. நல்லது உள்ளே வளரும்." அன்று மாலை அவர் தந்தது 2 மில்லி. ஒரு சொட்டும் வீணாகாமல் குழாய்வழி உள்ளே சென்றது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது "பாக்டீரியா என்றால் நோய்" என்று முடித்துவிடாதீர்கள். எது, எங்கே, எப்போது என்று கேட்கப் பழக்குங்கள். பிறந்த குழந்தைக்குத் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கூடாது, சீம்பாலே முதல் உணவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் மாணவர்கள் நாளை தாயாகவோ தந்தையாகவோ எங்கள் வார்டு வாசலில் நிற்கும்போது அந்தப் பாடம் ஓர் உயிரைக் காக்கலாம்.