சிவப்பு மீன்களும் ஒரு கறுப்பு மீனும்
(வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்தது பஞ்சப்படி பற்றி அல்ல. ஒரு படப் புத்தகம் பற்றி. சிரிக்க வேண்டாம். "எனக்கு என்ன தெரியும், படித்தவர்கள் பேசட்டும்" என்று சங்கக் கூட்டத்தில் பின்னால் ஒடுங்கும் தோழரை நாம் பார்க்கிறோம். 'கறுப்பி' என்று கேலி செய்தார்கள், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழும் குழந்தையையும் பார்க்கிறோம். நம்மை நாமே குறைத்துப் பார்க்க நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கையில் எடுத்தோம்.

புத்தகத்தின் பெயர் 'ஸ்விம்மி'. 1963-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதிப் படமும் போட்டவர் லியோ லியோனி. 1910-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், தந்தை யூதர். முசோலினி ஆட்சி 1938-ல் யூதர்களுக்கு எதிராக இனச் சட்டம் போட்டது. மறு வருஷம் லியோனி இத்தாலியை விட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே முதலாளிகள் படிக்கும் 'பார்ச்சூன்' பத்திரிகைக்குப் பல வருஷம் கலை இயக்குநர். வயிற்றுப்பாடு யாரை விட்டது! மனைவி நோராவோ, இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் டாக்டர் பாப்ரிசியோ மாப்பியின் மகள்.

கதைக்கு வருவோம். கடலில் சிவப்புக் குஞ்சு மீன்கள் கூட்டமாக வாழ்கின்றன. ஒன்று மட்டும் கறுப்பு. அதுதான் ஸ்விம்மி. பசியோடு பாய்ந்து வந்த சூரை மீன் ஒருநாள் அத்தனையையும் விழுங்கிவிடுகிறது. வேகமாக நீந்தும் ஸ்விம்மி மட்டும் தப்புகிறது. தன்னந்தனியே, பயந்து, ஆழத்தில் அலைகிறது. சொறி மீன், சிங்கி இறால், விலாங்கு என்று கடலின் அதிசயங்களைப் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் கொஞ்சமாக மனம் தேறுகிறது. குழந்தைகளே, இந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டாதீர்கள். துக்கம் ஒரே பக்கத்தில் தீர்ந்துவிடும் என்று ஆசிரியர் பொய் சொல்லவில்லை.

பிறகு, ஒளிந்து வாழும் இன்னொரு சிவப்பு மீன் கூட்டம். கூப்பிட்டால் வெளியே வர மறுக்கின்றன. பெரிய மீனுக்குப் பயம். ஸ்விம்மி அவற்றைக் கோழைகள் என்று ஏசவில்லை, யோசிக்கிறது. எல்லாரும் நெருங்கி, அவரவர் இடம் பிசகாமல், ஒரே பெரிய மீனின் வடிவில் நீந்தக் கற்றுக்கொடுக்கிறது. சிவப்பு உடம்பு தயார். கண் எங்கே? கறுப்பாக இருப்பது ஒன்றே ஒன்றுதானே! ஸ்விம்மி கண்ணாகிறது. பெரிய மீன்கள் ஓட்டமெடுக்கின்றன.

புத்திசாலி ஒருவன் மந்தையைக் கரைசேர்த்த கதை இது என்று சிலர் சொல்லலாம். நாம் ஒப்பவில்லை. உடம்பில்லாத கண்ணைச் சூரை ஒரே வாயில் முடித்திருக்கும்.

ஒரு மனக்குறை நமக்கு உண்டு. சிவப்பு மீன்கள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கின்றன. வாலுக்கு ஏற்றது எது, துடுப்புக்கு ஏற்றது எது என்று கதை சொல்லவில்லை. தறியின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லும் தோழரும், நாற்றைப் பார்த்த மாத்திரத்தில் பறிக்கும் நாளைச் சொல்லும் அம்மாவும் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள்தான் "எனக்கு என்ன தெரியும்" என்கிறார்கள்!

எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். புத்தகத்தை மேசைமேல் வைக்கிறோம். முதலில் குழந்தைகள் பார்க்கட்டும். அந்தக் கடைசி வரிசைத் தோழரும் எழுந்து வரவேண்டும்.