தோட்டத்தில் உள்ளதை மருந்துக் கடையில் தேடலாமா?

(மாரண்டஹள்ளியில் நடந்த உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



மாரண்டஹள்ளி, பாலக்கோடு பகுதி தக்காளிக்குப் பெயர் பெற்றது. விலை இருக்கும்போது கூடை கூடையாகச் சந்தைக்கு ஏற்றுகிறோம். விலை சரிந்துவிட்டால், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறோம். சில சமயம் சாலையோரத்தில் கொட்டியும் விடுகிறோம். அதே வாரத்தில், உடல் தளர்ச்சிக்கு என்று மருந்துக் கடைக்குப் போய், 'ஆன்டி ஆக்சிடென்ட்' என்று அட்டையில் அச்சிட்ட மாத்திரையை வாங்கி வருவோரும் நம்மிடையே உண்டு. அத்தகைய மாத்திரைகளில் அடைக்கும் பொருள்களில் சில, நாம் கொட்டிய கூடையிலேயே இருந்தவை. இதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆக்சிகரணம் என்றால் என்ன?

நறுக்கிய கத்தரிக்காயைக் காற்றில் வைத்தால் கறுத்துவிடுகிறது. மழையில் நனைந்த கொழுமுனை துருப்பிடிக்கிறது. திறந்து வைத்த கடலை எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறது. இவை எல்லாவற்றிலும் பிராணவாயு அந்தந்தப் பொருளோடு சேர்ந்து அதை மாற்றிவிடுகிறது. இதுவே ஆக்சிகரணம்.

நம் உடலிலும் இது இடைவிடாமல் நடக்கிறது. உண்ட உணவு பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்தால்தான் நமக்கு வலு கிடைக்கும். அப்படி எரியும்போது அடுப்பிலிருந்து பொறி தெறிப்பது போலச் சில துகள்கள் உண்டாகின்றன. வேதியியலில் இவற்றைத் தனி உறுப்புகள் என்பார்கள். இவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கும். தாக்கப்பட்டது அடுத்ததைத் தாக்கும். வைக்கோற்போரில் பற்றிய நெருப்பைப் போல இது பரவும்.

இந்தத் துகள்கள் முற்றிலும் தீயவை அல்ல. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் இவற்றைக் கொண்டுதான் நோய்க் கிருமிகளைக் கொல்லுகின்றன. அளவு மீறுவதுதான் தொல்லை. புகை பிடித்தல், அடுப்புப் புகை, நீடித்த நோய் ஆகியவற்றால் இவை மிகும். இதய நோய், கண்புரை, புற்றுநோய் ஆகியவற்றோடு இந்த மிகுதிக்குத் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

வயலிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பாராகுவாட் களைக்கொல்லி தெளித்த களை, நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் கருகிவிடுகிறது. அந்த மருந்து இலைக்குள் இத்தகைய துகள்களைப் பெருக்கியே களையைக் கொல்லுகிறது. மனிதர் வயிற்றுக்குள் போனால் நுரையீரலை அழிப்பதும் இதே முறையில்தான். அதற்கு முறிவு மருந்து இல்லை என்பதை மறவாதீர்கள்.

நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் செடி தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா? அதற்காகவே அது சில பொருள்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின், லைகோபீன், பாலிஃபீனால் ஆகியவை அவற்றுள் சில. ஆக்சிகரணத்தைத் தடுப்பதால் இவற்றை ஆன்டி ஆக்சிடென்ட் என்கிறோம். நம் உடலும் சிலவற்றைத் தயாரிக்கிறது. மற்றவற்றை உணவிலிருந்தே பெற வேண்டும்.

மாத்திரை போதாதா?

பழத்தில் உள்ளதை மாத்திரையாக்கி விழுங்கினால் அதே பயன் கிடைக்கும் என்றுதான் விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மி.கிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கொடுக்கப்பட்டது. 1994-இல் வெளியான முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற சோதனையிலும் நோய் கூடியதால், அதை முன்கூட்டியே நிறுத்தி 1996-இல் முடிவை வெளியிட்டார்கள்.

காய்கறியும் பழமும் நிறைய உண்பவர்களுக்கு இதய நோயும் சிலவகைப் புற்றுநோயும் குறைவாகக் காணப்படுகின்றன. ஆனால் அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்து மிகுதியாகக் கொடுத்தால் அந்தப் பயன் கிடைக்கவில்லை. மணிச்சத்து ஒன்றை மட்டும் மூட்டை மூட்டையாகப் போட்டால் பயிர் விளைந்துவிடுமா? உடலும் அப்படித்தான். மருத்துவர் ஒரு குறைபாட்டைக் கண்டு எழுதிக் கொடுக்கும் மாத்திரையை அவசியம் உண்ணுங்கள். நீங்களாக வாங்குவதை நிறுத்துங்கள். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள், அதை விடுவதற்கு ஈடாக எந்தப் பழமும் இல்லை என்பதையும் உணர வேண்டும்.

தக்காளி

தக்காளியின் சிவப்பு நிறமே லைகோபீன். பழம் செடியில் முழுமையாகச் சிவக்கும்போது இது மிகுதியாக இருக்கும். 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் நன்கு உண்டாகும். 30 டிகிரிக்கு மேல் குறையும். கோடையில் பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். வெயில் நேரடியாகப் படாதவாறு இலைகள் பழத்தை மூடியிருந்தால் நிறம் நன்றாக வரும். எனவே இலைகளை அளவுக்கு மேல் கிள்ள வேண்டாம்.

சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பது லைகோபீனுக்குப் பொருந்தாது. வேகும்போது பழத்தின் திசு உடைந்து இது எளிதில் வெளிவருகிறது. கொழுப்பில் கரைவதால், சிறிது எண்ணெய் சேர்த்தால் உடலில் நன்கு சேரும். நம் வீட்டுத் தக்காளித் தொக்கு இதற்கு மிகப் பொருத்தமான பண்டம். வைட்டமின் சி இதற்கு நேர்மாறானது. நீரில் கரையும், சூட்டில் அழியும். ஆகவே ஒன்றிரண்டு பழத்தைப் பச்சையாகவும் உண்ணுங்கள்.

வீட்டுக்கு எடுக்கும் பழத்தில் ஒரு கவனம் தேவை. பூச்சிமருந்து தெளித்திருந்தால், புட்டியின் சீட்டில் குறித்துள்ள நாள்கள் கழிந்த பின்பே பறித்து, நன்கு கழுவிப் பயன்படுத்த வேண்டும்.

ராகியும் சாமையும்

ராகியின் பாலிஃபீனால் பெரும்பாலும் அதன் செந்நிற மேல்தோலில்தான் உள்ளது. மாவை மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டை எறிந்தால் சத்தையும் எறிகிறோம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மி.கிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. சாமையை வெள்ளை வெளேர் என்று தீட்டினாலும் இதே இழப்புதான். தவிட்டோடு கூடிய சாமையரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தவிட்டிலுள்ள எண்ணெய் ஆக்சிகரணம் அடைவதே காரணம். பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டால் இந்தக் குறை இராது.

பாலிஃபீனால் இரும்புச் சத்தை ஓரளவு உடலில் சேரவிடாமல் தடுக்கும். அதற்கும் வழி உண்டு. ராகியை முளைகட்டி அரைக்கலாம். களியோடு கீரைக் குழம்பும், எலுமிச்சை, கொய்யா, நெல்லி இவற்றில் ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். இரத்தசோகை உள்ள பெண்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

வேலியோரச் செல்வம்

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போகிறோம். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி ஐந்து மி.கிராம் அளவே உண்டு. கொய்யாவில் சுமார் 200 மி.கிராம், நெல்லிக்காயில் அதற்கும் கூடுதல். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாள் தேவை 80 மி.கிராமே. பாதிக் கொய்யா போதும். பச்சை மிளகாயிலும் வைட்டமின் சி நிறைய உண்டு. வைட்டமின் சி ஆராய்ச்சிக்காக 1937-இல் நோபல் பரிசு பெற்ற ஹங்கேரி விஞ்ஞானி சென்ட் ஜியார்ஜி, தம் ஊரில் விளைந்த மிளகாய் வகையிலிருந்தே அதைப் பெருமளவில் பிரித்தெடுத்தார்.

முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் கரோட்டின் மிகுதி. கிணற்றடியில் ஒரு சென்ட் நிலம் இருந்தால் போதும். ஒரு பி.கே.எம்.1 முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை வைத்து, இடையில் கீரைப் பாத்தி போடலாம். குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் சோப்பு மிகாமல் இருந்தால் மரங்களுக்குப் பாய்ச்சலாம். கீரைக்கு நல்ல நீரே விடுங்கள்.

விலை வீழ்ந்தால்

விலை வீழ்ந்த வாரத்தில் எல்லாப் பழத்தையும் காப்பாற்ற முடியாது. ஆனால் ஆண்டு முழுவதும் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துவைக்க முடியும். அழுகல் இல்லாத செம்பழத்தைக் கழுவி, வில்லைகளாக நறுக்கி, சிறிது உப்புத் தூவி, மெல்லிய துணியால் மூடிச் சுக்காகக் காயும் வரை உலர்த்துங்கள். கடும் வெயில் நிறத்தை வெளுக்கச் செய்யும். காற்றோட்டமுள்ள நிழலோ சூரிய உலர்த்தியோ நல்லது. 20 கிலோ பழத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வற்றல் கிடைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் இருளான இடத்தில் வையுங்கள். தொக்கு செய்தால் நீர் முழுவதும் வற்றி எண்ணெய் பிரியும் வரை கிளறி, கொதிநீரில் சுத்தம் செய்து உலர்த்திய புட்டியில் அடைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். அழுகிய பழம் எருக்குழிக்கே போகட்டும்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு கிலோ காய்கறியும் அரைக் கிலோ பழமும் ஆகும். இதைக் காசு கொடுத்து வாங்க நகரத்தார் திணறுகிறார்கள். விளைவிப்பவர் வீட்டில் இது குறையக் கூடாது. அடுத்த முறை வண்டியில் கூடை ஏற்றும்போது, முதல் கூடையை வீட்டுக்கு இறக்கிவிட்டு மற்றவற்றைச் சந்தைக்கு அனுப்புங்கள். வீட்டில் சமைத்தவருக்கும் கடைசியில் சாப்பிடுபவருக்கும் அதில் சமபங்கு இருக்கட்டும்.