கவுண்டரில் கேட்கும் முதல் கேள்வி

தலைமை உரையை அவையடக்கத்தோடு தொடங்குவது மரபு. ஆனால் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். பசியாறல் ஏற்கெனவே அரை மணி தாமதம். அடக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அகதிகளுக்கு அரசு தரும் பண உதவி, மருத்துவ உதவி, அவற்றுக்கான தகுதி விதிகள் என்ற தலைப்பில் நம் ஜாசின் வட்டாரத்து மெர்லிமாவில் கருத்தரங்கு என்றதும் பலர் என்னைக் கேட்டார்கள். "நம்ம ஊருல ஏது சார் அகதி? அதெல்லாம் கே.எல். சங்கதி இல்லையா?" அவர்களுக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் காலை. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குத்தகைக்காரரிடம் கைக்காசுக்கு வேலை பார்த்த இளைஞர் ஒருவரை என் காரில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். இலங்கையின் வன்னிப் பக்கம் ஊர். குலை வெட்டும்போது அரிவாள் காலில் இறங்கிவிட்டது. கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். காலைப் பார்த்து முகம் சுளித்தாள், ஆனாலும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கார்டு என்னா கார்டு அங்கிள்?" யூஎன் கார்டு, அதாவது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை, என்றோம். காலாவதியாகி நாலு மாதம். புதுப்பிக்க கோலாலம்பூர் போக வேண்டும். போனால் ஒரு நாள் கூலி போகும், வழியில் சோதனையில் மாட்டினால் ஆளே போய்விடுவார். "எனக்கு ஒண்ணும் இல்ல அங்கிள், சிஸ்டம் கேட்குது" என்றாள். கணினியில் அவருக்குப் பொருந்தும் கட்டம் எது என்று தேடி முடிக்க முக்கால் மணி ஆனது. கட்டுப்போட்டுத் தைக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவள் சொன்ன சிஸ்டத்தை யார் எழுதுகிறார்கள், எதை முதலில் கேட்கச் சொல்லி எழுதுகிறார்கள் என்பதைப் பேசத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்திலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கையெழுத்திடாத நாடு. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்றொரு வகையே கிடையாது. அனுமதியோடு இருப்பவர், இல்லாதவர் என்ற இரண்டே வகை. ஆனால் வியட்நாமியப் படகுகள் வந்த 1975 முதல் ஐ.நா. அகதிகள் ஆணையம் இங்கே இயங்குகிறது. திரெங்கானுவின் பூலாவ் பீடோங் தீவு முகாமை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று ஆணையத்தில் பதிந்திருப்போர் 180,000க்கு மேல். மிகப் பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள். இலங்கைத் தமிழர் சிறு தொகை. இவர்களுக்கு அரசின் மாதப் பண உதவி எதுவும் இல்லை. சட்டப்படி வேலை செய்யும் உரிமையும் இல்லை. பணமும் தரமாட்டோம், சம்பாதிக்கவும் கூடாது என்றால் மனிதர் எதைச் சாப்பிடுவார் என்று விதி எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை.

மருத்துவத்தில் ஒரு சலுகை உண்டு. ஆணையத்தின் அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கட்டினால் போதும். பாதி என்றதும் காதுக்கு இனிக்கிறது. எதில் பாதி என்று பாருங்கள். குடிமகன் வெளிநோயாளியாகப் போனால் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. வெளிநாட்டவர் கட்டணமோ 2014ஆம் ஆண்டுக் கட்டண ஆணைக்குப் பிறகு மானியம் கழிக்கப்பட்டு முழுச் செலவை நோக்கி ஏறிவிட்டது. ஏறிய தொகையில் பாதி, கைக்காசுக்கு உழைப்பவருக்குப் பல வாரக் கூலி. தள்ளுபடி அப்படியே நிற்க, விலை மட்டும் மேலே போய்விட்டது. அட்டையே இல்லாதவர் கதை வேறு. 2001ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கை, ஆவணமில்லாத நோயாளியைக் காவல்துறைக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. அதற்குப் பயந்து வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்ளும் தாய்மார்களைப் பற்றி இன்று மாலை ஒரு கட்டுரை வாசிக்கப்படுகிறது. யாரும் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

அமைச்சின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நம் சொந்த மக்களே விடியற்காலையில் போய் எண் எடுத்துக் காத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் இன்னும் பலர் வருவார்கள் என்ற அச்சம் எல்லா அரசுகளுக்கும் உண்டு. ஆனால் கோவிட் காலத்தில், 2021இல், இதே அரசு ஆவணம் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் தடுப்பூசி போட முடிவு செய்தது. கிருமி அட்டை பார்த்து வருவதில்லை என்று அன்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. காசநோய்க் கிருமியும் அப்படித்தான்.

இனி நம் கதைக்கு வருகிறேன். தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இந்தத் தகுதிக் கேள்வி புதிதல்ல. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அன்றைய அரசு தொடங்கியது. பின்னால் அது இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. எத்தனை தமிழ்த் தொழிலாளர் வேலை செய்கிறார்களோ அத்தனைக்குக் கணக்குப் பார்த்து முதலாளிகள் பணம் கட்டினார்கள். ஆள் கொண்டுவரும் கப்பல் செலவு அதிலிருந்து போனது. உடல் தளர்ந்து வேலைக்கு ஆகாமல் போனவரைத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தே. அதாவது நம் பாட்டன்மாருக்கு எழுதப்பட்ட முதல் நல உதவி, நாகப்பட்டினத்துக்கு ஒரு கப்பல் டிக்கெட். தகுதி: இனி ரப்பர் பால் வெட்ட முடியாது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிக் கப்பலேறினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் வீடு மிஞ்சியிருந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

சுதந்திரம் வந்தது. மெர்டேக்காவுக்கு முன் பிறந்த பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முதல் ஓராண்டு மலாய்மொழித் தேர்வுகூட இல்லாமல் கொடுத்தார்கள். ஆனால் பாரம் எங்கே கிடைக்கும், யார் எழுதிக் கொடுப்பார், ஒரு நாள் வேலை போனால் தோட்டத்துக் கிராணி என்ன சொல்வார்? என் அத்தை அந்த ஓராண்டில் பேரு கொடுக்கவில்லை. "நாமதான் இங்கயே கிடக்கோமே, யாரு போவச் சொல்லப் போறா?" என்று இருந்துவிட்டார். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் கேட்டபோதுதான் போகச் சொல்ல ஆள் இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 60,000 இந்தியர்கள் இந்தியா திரும்பியதாக ஆய்வுகள் சொல்கின்றன. அத்தை போகவில்லை. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நாற்பது வருடம் பால் மரம் வெட்டினார். வயதான பிறகு சமூகநல இலாகாவின் முதியோர் உதவிக்குப் போனால் முதல் நிபந்தனையே குடிமகனாக இருக்க வேண்டும் என்பது. இன்றைய எஸ்.டி.ஆர். ரொக்க உதவிக்கும் அதே நிபந்தனைதான். அத்தை அகதி இல்லை. ஆனால் கவுண்டரில் வன்னி இளைஞர் நின்ற இடத்துக்கும் அத்தை நின்ற இடத்துக்கும் இரண்டடி தூரம்கூட இல்லை.

தமிழகத்தின் அனுபவம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். இந்தியாவும் 1951 ஒப்பந்தத்தில் சேராத நாடுதான். அங்கும் அகதிக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் 1983 முதல் வந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழரில் முகாமில் இருப்போருக்கு அரசு மாதப் பணமும் அரிசியும் கொடுத்து வந்திருக்கிறது. முகாம் அரிசி கிலோ 57 காசு என்று அந்த மக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தபோது குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய் 1,500 ஆனது; மற்றப் பெரியவர்களுக்கு 750 ரூபாய் 1,000 ஆனது; குழந்தைகளுக்கு 400 ரூபாய் 500 ஆனது. மூன்று சிறு பிள்ளைகளோடு கணவன் மனைவி என்றால் மாதம் 4,000 ரூபாய். அகதி முகாம் என்ற பெயரையும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். மருத்துவத்திலோ முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பே இல்லாமல் திறந்திருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து பார்க்கும் எனக்கு இது பெரிய காரியம். இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

ஆனால் 'முகாமில்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அப்போது அறிவித்த கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்வோர் 34,087 பேர். வெளிப்பதிவு என்பார்கள். வெளிப்பதிவுக்குப் பணம் கிடையாது. தொடக்கத்தில் வசதி உள்ளவர்களே வெளியே தங்கினார்கள் என்பது உண்மை. நாற்பது வருடத்தில் வசதி கரைந்துவிடும், பதிவு கரைவதில்லை. முகாமுக்குள் இருப்பவருக்கு வேறு சங்கடம். தணிக்கை நாளில் ஆள் நேரில் இருக்க வேண்டும். வெளியூரில் பெயிண்ட் அடிக்கப் போனவர் அந்த நாளுக்குள் திரும்பாவிட்டால் பதிவு போய்விடும். உதவி வேண்டுமானால் தூரத்து வேலையை விடு, வேலை வேண்டுமானால் உதவியை விடு. 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் படகேறி வந்தவர்களின் நிலை இன்னும் விசித்திரம். மாநில அரசு மண்டபம் முகாமில் இடமும் உணவும் கொடுத்தது. அகதி என்ற பதிவு மட்டும் நீண்ட நாள் வரவில்லை. போருக்குத் தப்பி வந்தவர் அகதி, பால்மாவு வாங்க முடியாமல் வந்தவர் யார் என்று விதிக்குத் தெரியவில்லை.

மேலைநாடுகளைப் பற்றி அமர்வுகளில் விரிவாகக் கேட்கப் போகிறீர்கள். நான் இரண்டைத் தொட்டுவிட்டு நகர்கிறேன். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் பண உதவியும் மருத்துவ உதவியும் தனித்தனியாக வைத்தது. அங்கே கேள்வி அட்டையல்ல, நாட்காட்டி. முதலில் 36 மாதம். 1991இல் அது 8 மாதம். 2022இல் 12 மாதம். 2025 மே மாதத்திலிருந்து 4 மாதம். மனிதர் ஒரு மொழியைக் கற்று வேலை தேடிக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்பது இந்த நாற்பது வருடத்தில் மாறவில்லை. கருவூலத்தின் மனநிலைதான் மாறியது. கனடாவில் 492 தமிழரோடு சன் சீ கப்பல் போய்ச் சேர்ந்தது 2010 ஆகஸ்டில். இரண்டு ஆண்டுக்குள் அந்நாட்டு அரசு அகதிகளின் இடைக்கால மருத்துவத் திட்டத்தை வெட்டி, எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று பார்த்து மருந்து கொடுக்கத் தொடங்கியது. மருத்துவர்கள் வெள்ளை அங்கியோடு தெருவில் இறங்கினார்கள், வழக்கும் போட்டார்கள். 2014 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம், கொடூரமான நடத்தைக்கு எதிரான சாசன உரிமையை அந்த வெட்டு மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் திட்டம் முழுதாகத் திரும்பியது. அங்கே வழக்குப் போட ஒரு சாசனப் பிரிவு இருந்தது. இங்கே அகதிக்கு எதைக் காட்டி வழக்குப் போடுவது? சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அமர்வுகளில் மறுத்துப் பேசுங்கள். நம் நாட்டுச் சூழலில் அகதிக்கு மாதப் பணம் கேட்பது இப்போதைக்கு நடக்கிற காரியமல்ல. வேலை செய்யும் உரிமையைக் கேட்பதே சரி. கூலி வாங்குகிறவர் மருந்துக்குத் தானே கட்டுவார், சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்டுவார். அடுத்தது, மருத்துவமனை மருத்துவமனையாக மட்டும் இருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். மூன்றாவது, பிரசவத்துக்கும் குழந்தைகளின் தடுப்பூசிக்கும் எந்த அட்டையும் கேட்கக் கூடாது. இதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுச் சொல்ல ஆய்வாளர் தேவை. வெறும் இரக்கத்தை அமைச்சிடம் கொண்டு போனால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நம் தமிழ் ஆய்வுலகின்மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புலம்பெயர் இலக்கியம் பற்றி எவ்வளவோ கட்டுரைகள் வந்துவிட்டன. ஒரு குடும்பம் ஒரு பாரத்தை நிரப்பி, எந்த வரியில் தகுதி இழந்தது என்று தமிழில் எழுதிய கட்டுரை என் கண்ணில் பட்டது மிகக் குறைவு. சுற்றறிக்கை மலாயில், அரசாணை ஆங்கிலத்தில், அவதி தமிழில் என்று கிடக்கிறது. அந்தக் கவுண்டர்ப் பெண்ணையும் பேட்டி எடுங்கள். விதி எங்கே வளைகிறது, எங்கே வளைய மறுக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது.

பிற்பகல் அமர்வுக்கு வரும்போது, உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய மருத்துவமனை ரசீதோ, சிவப்பு அட்டையின் நகலோ, நிராகரிக்கப்பட்ட உதவி விண்ணப்பமோ இருந்தால் எடுத்து வாருங்கள். வாசல் மேசையில் இருக்கும் மாணவிகள் பெயரையும் எண்ணையும் மறைத்துப் படமெடுத்துக்கொண்டு, அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.