தியானத்தில் உடலுக்கும் ஓர் இடம்

(பங்கு ஜூபிலியை முன்னிட்டு நம் ஆலயத்தில் நடைபெற்ற மூன்று நாள் தியானத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



தியானத்தைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் மனத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் தியானத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களை விசாரித்தால் வேறு பதில் கிடைக்கிறது. "முழங்கால் பிடித்துக் கொள்கிறது சாமி" என்கிறார் ஒருவர். "முதுகு வலியில் செபமே மறந்து போகிறது" என்கிறார் இன்னொருவர். முழந்தாட்படியிட முடியாத பெரியவர்கள் சிலர், நாற்காலியில் அமர்ந்து செபிப்பது ஆண்டவருக்கு மரியாதைக் குறைவு என்றெண்ணி, செபத்தையே சுருக்கிக் கொள்கிறார்கள். இது வருந்தத்தக்கது. ஆகையால் இன்று தியானத்தில் உடலை எப்படி வைத்துக் கொள்வது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நாம் ஆன்மா மட்டும் அல்ல. வார்த்தையானவர் மனு உரு எடுத்தார் என்று விசுவசிக்கிற நாம், உடலை வாசலில் விட்டுவிட்டுச் செபிக்க உள்ளே வர முடியாது. வேதாகமத்தைப் புரட்டிப் பாருங்கள். சாலமோன் அரசர் முழந்தாளிட்டு மன்றாடினார். அவருடைய தந்தை தாவீது ஆண்டவர் திருமுன் அமர்ந்து செபித்தார். எலியாஸ் தரையில் குனிந்து முழங்கால்களுக்கிடையே முகத்தை வைத்துக் கொண்டார். எசேக்கியா நோய்ப்படுக்கையில் கிடந்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பி வேண்டினார். ஆயக்காரன் தூரத்தில் நின்றான். பெத்தானியா மரியாள் ஆண்டவரின் பாதத்தருகே அமர்ந்தாள். நம் ஆண்டவரோ ஜெத்சமனித் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து செபித்தார். இவர்களில் எவருடைய செபத்தையும் பிதாவானவர் இருப்பைக் காரணம் காட்டித் தள்ளவில்லை.

மோயீசனை எண்ணிப் பாருங்கள். அமலேக்கியரோடு போர் நடந்தபோது குன்றின்மேல் நின்று கைகளை உயர்த்தியிருந்தார். கைகள் தளர்ந்தன. உடனிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு கல்லைக் கொண்டு வந்து அவரை உட்கார வைத்தார்கள். ஆரோனும் கூரும் இருபுறமும் கைகளைத் தாங்கிக் கொண்டார்கள். உட்கார்ந்ததால் அவர் மன்றாட்டு நிற்கவில்லை. உட்கார்ந்ததால்தான் சூரியன் மறையும்வரை நீடித்தது. முதியவர்களே, உங்கள் நாற்காலி அந்தக் கல்லே என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

இதைத் தெளிவாகப் போதித்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521-ல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டுபட்டு அவர் கால் நொறுங்கியது. பின்பு வாழ்நாள் முழுவதும் சற்றே நொண்டி நடந்தவர். 1548-ல் பாப்பானவர் மூன்றாம் சின்னப்பரால் அங்கீகரிக்கப்பட்ட அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், முழந்தாளிட்டோ, குப்புற விழுந்தோ, மல்லாந்து படுத்தோ, அமர்ந்தோ, நின்றோ தியானிக்கலாம் என்கிறார். தேடுவது எந்த நிலையில் கிடைக்கிறதோ, அந்த நிலையிலேயே தங்கிவிட வேண்டும். வேறொன்றைத் தேடி அலையக் கூடாது. இந்தச் சுதந்தரம் தனிமையில் செபிக்கும்போதுதான், ஆலயத்தில் பிறர் நடுவே அல்ல என்றும் அவர் வரையறுக்கிறார்.

திருப்பலியில் எல்லாரும் ஒரே நிலையில் இருப்பது நாம் ஒரே குடும்பம் என்பதற்கு அடையாளம். ஆயினும் திருச்சபை இரக்கமற்ற தாய் அல்ல. உடல்நிலை காரணமாக முழந்தாளிட முடியாதவர்கள், எழுந்தேற்றத்துக்குப் பின் குரு முழந்தாள் மடிக்கும்போது தாழப் பணிந்து வணங்கினால் போதும் என்று திருப்பலிப் பொது விதிமுறையே கூறுகிறது. காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் திருச்சபை இருப்பை மாற்றியும் வந்திருக்கிறது. 325-ல் கூடிய நிசேயா சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கு காலத்திலும் நின்றே செபிக்கக் கட்டளையிட்டது. நம் நாட்டு ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி, தரையில் அமர்வது, காலணியைக் கழற்றுவது, முழந்தாள் மடிப்பதற்குப் பதிலாகக் கைகூப்பிப் பணிவது முதலியவற்றுக்கு 1969 ஏப்ரல் 25-ல் உரோமை அனுமதி தந்தது. ஆகவே சம்மணமிட்டு அமர்வது பிற மதத்தாரின் வழக்கம், நமக்கு ஆகாது என்று ஒருவரும் மருள வேண்டாம். 1950-ல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் தொடங்கிய சாந்திவனத்தில் துறவியர் இப்படித்தான் அமர்ந்து செபித்து வருகிறார்கள்.

இருப்பு பேசும் என்பதைக் காஞ்சிபுரத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் மூன்று அடுக்குகளில் இருந்த கோலம், கிடந்த கோலம், நின்ற கோலம் மூன்றும் உண்டு. நம் விசுவாசம் வேறு; ஆனால் உடலும் ஒரு மொழி என்பது நமக்கும் நம் அயலாருக்கும் பொதுவான அறிவு.

சரி, எந்த நிலையைத் தெரிந்து கொள்வது? தறியைப் பாருங்கள். பாவு தொய்ந்தால் நெசவு கெடும். அளவுக்கு மீறி இறுகினால் இழை அறும். உடலும் அப்படியே. தொய்ந்தால் தூக்கம் வரும். விறைத்தால் வலி வரும். பதஞ்சலி முனிவரும் இருப்புக்கு உறுதி, சுகம் என்ற இரண்டையே இலக்கணமாகக் கூறினார்.

தரையில் அமர்பவர்கள் போர்வையை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே போட்டுக் கொள்ளுங்கள். இடுப்பு சற்று உயர்ந்தால் முழங்கால்கள் தாழும். முதுகு தானே நிமிரும். நாற்காலியில் அமர்பவர்கள் சாய்ந்து சரியாமல், இரு பாதங்களும் தரையில் படிய அமருங்கள். எட்டாவிட்டால் காலடியில் பலகை வையுங்கள். நாள் முழுவதும் குழித்தறியில் கால்களை இறக்கி முதுகு வளைத்து உழைக்கும் நெசவாளர்கள், மாலையிலும் தரையில் அமர வேண்டிய கட்டாயமில்லை. நின்றபடியோ, மெதுவாக நடந்தபடியோ தியானியுங்கள். படுத்துக் கொள்வது நோயாளிகளுக்கு நல்லது. மற்றவர்களுக்கு அது உறக்கத்தில் முடியும்.

ஒவ்வொரு நிலையையும் மூன்று நான்கு நாள், தினம் கால் மணி நேரம் பழகிப் பாருங்கள். எந்த நிலையில் உடல் தன்னை மறந்திருக்கிறதோ அதுவே உங்களுக்கு உரியது. பிறகு அதை மாற்ற வேண்டாம். கால் மரத்துப் போனால் அவசரமின்றி ஒருமுறை மாற்றிக் கொண்டு தொடருங்கள். வலியைச் சகிப்பதே புண்ணியம் என்று எண்ணி மூட்டைக் கெடுத்துக் கொள்ளாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவத் தியானத்தைப் பற்றி 1989-ல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடல், செபத்தில் உடலின் நிலைக்குரிய மதிப்பை ஏற்றுக் கொள்கிறது. ஆனால் உடல் தளர்ந்து ஓய்வதால் வரும் இதத்தைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று தவறாக எண்ண வேண்டாம் என்றும் சொல்கிறது. அசையாமல் ஒரு மணி நேரம் அமர்ந்தவன் எழுந்து போய் மனைவியைக் கடிந்தால், கூலியாளின் கூலியைக் குறைத்தால், அந்த அமர்வினால் என்ன பயன்? தியானத்தின் கனி அன்பிலே தெரிய வேண்டும்.

ஆகவே இன்றே வீட்டில் ஓர் இடத்தையும், உங்களுக்கு இசைந்த ஓர் இருப்பையும் தெரிந்து கொள்ளுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், ஆரோனும் கூரும் செய்ததுபோல், பிள்ளைகளே அவர்களுக்கு நாற்காலி போட்டு, அருகில் அமர்ந்து சேர்ந்து செபியுங்கள். உடலையும் ஆன்மாவையும் படைத்த பிதாவானவர் உங்கள் இரண்டையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.