கடைசிப் பொத்தான்

(குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பின் நம் வளாகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மிட்டாய் வாங்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நகர்பவர்களும் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும்.

நேற்று ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினம். 1950-ல் தேர்தல் ஆணையம் தொடங்கிய நாள். அதையொட்டி ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் நான் எந்த வேட்பாளருக்கும் வாக்களிக்கவில்லை. நோட்டாவை அழுத்தினேன்.

நம்மிடையே எல்லாக் கட்சி அபிமானிகளும் இருக்கிறீர்கள். பெயர் சொல்லிச் சண்டை மூட்ட மாட்டேன். வாசலுக்கு வந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்தேன். பாதி தலைவர் படம், மீதி எதிர்த்தரப்புக்கு வசவு. டெபாசிட் வட்டியை நம்பி வாழும் என்னைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நாற்பது வருஷமாக ஓட்டுப் போட்டவனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"அப்போ எதுக்குப் போகணும்? வெள்ளிக்கிழமை, சேர்ந்தாப்போல மூணு நாள் லீவு" என்றாள் மனைவி. பலரும் அப்படித்தான் நினைத்தார்கள் போலும். தமிழ்நாடு முழுக்க 69.72 சதவீதம் பதிவானபோது, நம் தென் சென்னையில் சுமார் 54 சதவீதம்தான்.

நான் போனதற்குக் காரணம் ஒரு பழைய ஞாபகம். வங்கியில் இருந்தபோது தேர்தல் பணிக்குப் போவேன். அப்போது நோட்டா கிடையாது. 49-ஓ என்று ஒரு விதி. யாருக்கும் ஓட்டில்லை என்பவர் அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் குறித்து, அவர் கையெழுத்தும் வாங்குவோம். ஒருமுறை ஓர் இளைஞர் அப்படிச் சொன்னதும், கட்சி ஏஜெண்டுகள் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை நடுங்கியதை மறக்க முடியவில்லை. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால்தான் அந்த மறுப்புக்கும் ரகசியம் கிடைத்தது. அதை வீணாக்க மனசு வரவில்லை.

ஆனால் அதன் பலன் என்ன? அதே தேர்தலில் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் விழுந்தன. அங்கே பாஜக வேட்பாளர் 12 லட்சத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். நோட்டாவே முதலில் வந்திருந்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவர்தான் எம்.பி. விதி அப்படி.

வங்கியில் இனம் தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். 'இங்கே ஏதோ இடிக்கிறது' என்பதற்கு அது பதிவு, தீர்வு அல்ல. யாராவது பின்தொடர்ந்து நேர்செய்யாவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். என் நோட்டாவும் அப்படித்தான் கிடக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு வந்த நான், ஜெயித்தவருக்கு இதுவரை ஒரு கடிதம்கூடப் போடவில்லை. வேட்பாளர்களைக் குறை சொன்ன எனக்கு இதில் வெட்கம்தான்.

அதனால் ஒரு யோசனை. அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரும். நம் தொகுதி வேட்பாளர்கள் எல்லோரையும் சங்கம் நம் ஹாலுக்கு அழைக்கட்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகள்; பதில்களை இதே செய்திமடலில் போடுவோம். வராதவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று போடுவோம்.

செக்யூரிட்டி அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஃபிளாட் எண்ணோடு உங்கள் கேள்வியை எழுதுங்கள். முதல் பக்கத்தில் என் கேள்வி இருக்கிறது.